ரொறன்ரோ புறநகரில் புல்தரை பராமரிப்பு: முதல் வீடு வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மே மாதம் பிறந்ததும் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன், ஏஜாக்ஸ் எங்கும் கடை வாசல்களில் பசளைப் பைகளும் புல் விதைப் பைகளும் அடுக்கடுக்காக வந்துவிடும். புதிதாக வீடு வாங்கியவர்கள் பலர் அந்த ஒரு மாதத்திலேயே காசையும் உழைப்பையும் கொட்டுகிறார்கள். ஜூலையில் புல் மஞ்சளாகிறது, ஓகஸ்டில் இடையிடையே வெறும் மண் தெரிகிறது. விதையிலும் பசளையிலும் பிழை இருக்காது. பிழை பெரும்பாலும் காலத்தில்தான். இங்குள்ள புல்லுக்கு விதைப்பு, இறுகிய மண்ணில் துளையிடல், பசளை என்று கனமான வேலை எல்லாவற்றையும் செய்ய உகந்த பருவம் ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் ஒக்டோபர் வரைதான். வசந்தத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம். கோடையில் புல்லை உயரமாக விட்டு வெட்டிக்கொண்டிருந்தாலே பாதி வேலை முடிந்தது.

உங்கள் வளவில் இருப்பது என்ன புல்?

ஊரில் நாம் பார்த்துப் பழகிய அறுகு வெயிலுக்குப் பிறந்த புல். தரையோடு ஒட்ட வெட்டினாலும் பக்கவாட்டில் படர்ந்து மூடிவிடும். தெற்கு ஒன்ராறியோவில் இருப்பவை குளிர்ந்த பருவத்தை விரும்பும் புற்கள். 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரையில் நன்றாக வளரும். வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு ஒடுங்கிவிடும். ஒட்ட வெட்டினால் தாங்காது.

பெரும்பாலான வீடுகளில் முதன்மையாக இருப்பது கென்டக்கி புளூகிராஸ். கட்டுநர்கள் சுருட்டிக் கொண்டுவந்து விரிக்கும் புல்பாய் பெரும்பாலும் இதுவே. மண்ணுக்கடியில் கிழங்குபோன்ற தண்டு விட்டுப் பரவுவதால் சிறிய ஓட்டைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். முளைக்க மட்டும் 2 முதல் 4 வாரம் எடுக்கும். பெரெனியல் ரைகிராஸ் 5 முதல் 10 நாளில் முளைத்துவிடும், ஆனால் பரவாது, குத்துக் குத்தாக நிற்கும். மெல்லிய இலை கொண்ட ஃபைன் பெஸ்கியூ நிழலுக்கு ஏற்றது. டோல் பெஸ்கியூ ஆழமாக வேர்விடும், வறட்சியைத் தாங்கும்.

அடுத்தது மண். புதிய குடியிருப்புகளில் கனரக வாகனங்கள் ஓடி இறுகிய களிமண்ணின் மேல் 10, 15 செ.மீ. மேல்மண்ணைப் பரப்பி, அதன்மேல் புல்பாயை விரித்திருப்பார்கள். மழை பெய்த மறுநாள் ஒரு நீண்ட ஸ்குரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள். கைவிசைக்கே 15 செ.மீ. இறங்கினால் நல்லது. பாதியில் நின்றுவிட்டால் மண் இறுகியிருக்கிறது. அங்கே எவ்வளவு பசளை போட்டாலும் வேர் கீழே போகாது.

பாசி பிடித்தால் உடனே சுண்ணாம்பு போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். இந்தப் பகுதியின் மண்ணில் பெரும்பாலும் காரத்தன்மை ஏற்கெனவே உண்டு. மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பு வாங்க வேண்டாம். பாசிக்குக் காரணம் அநேகமாக நிழலும் தேங்கும் ஈரமும்தான்.

கடைக்குப் போகமுன் புல்தரையின் பரப்பை அளந்து எழுதிவையுங்கள். வீட்டுக் காணியின் பரப்பு வேறு, புல்லின் பரப்பு வேறு. முன்பக்கம் 5 மீற்றருக்கு 10, பின்வளவு 10 மீற்றருக்கு 10 என்றால் மொத்தம் 150 சதுர மீற்றர். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த அளவை வைத்தே சொல்லப்படுகின்றன.

வெட்டும் உயரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்: புல்லை 7 முதல் 8 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். மேலே இலை எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்பவே கீழே வேர் இருக்கும். உயரமான புல் மண்ணுக்கு நிழல் தருவதால் ஈரம் நிற்கும், களை விதைகளுக்கு வெளிச்சம் கிடைக்காது. வாரத்துக்கு ஒரு தடவை வெட்டும் தொல்லை குறையட்டும் என்று 3, 4 செ.மீ.க்கு ஒட்ட வெட்டுவதுதான் புறநகர்ப் புல்தரைகள் கெடுவதற்கு முதல் காரணம்.

புல் வெட்டும் மெஷினின் சக்கரத்தருகே உள்ள நெம்புகோலில் 1 முதல் 6 அல்லது 7 வரை எண்கள் இருக்கும். அவை உயர எண்கள் மட்டுமே, செ.மீ. அல்ல. பற்றரியைக் கழற்றி (பெற்றோல் மெஷின் என்றால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி) மெஷினை டிரைவ்வேயின் சமதரையில் நிறுத்துங்கள். கத்தியின் விளிம்புக்கும் தரைக்கும் இடையிலான உயரத்தை அடிமட்டத்தால் அளந்து, 7.5 செ.மீ. வரும் எண்ணை மார்க்கரால் குறித்துவிடுங்கள். பிறகு அதை மாற்ற வேண்டிய தேவை வருடத்தில் இரண்டு தடவைதான் வரும்: விதைக்குமுன்னும், பனிக்கு முந்திய கடைசி வெட்டுக்கும்.

ஒரு தடவையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. விடுமுறைக்குப் போய் வந்து பார்க்கையில் புல் 15 செ.மீ. வளர்ந்திருந்தால், முதலில் 10 செ.மீ.க்கு வெட்டி, மூன்று நான்கு நாள் கழித்து 7.5க்கு இறக்குங்கள். ஒரேயடியாக இறக்கினால் வெளிறிய அடித்தண்டு வெயில் பட்டுக் கருகும். அதற்காக வளரவே விட்டுவிடவும் முடியாது. ரொறன்ரோ நகர விதியின்படி புல் 20 செ.மீ.க்கு மேல் உயரக்கூடாது. மற்ற நகரசபைகளுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. தெருவோரத்து புல் பட்டை நகரசபையின் நிலம் என்றாலும் அதை வெட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு.

வெட்டிய மறுநாள் குனிந்து ஓர் இலையின் நுனியைப் பாருங்கள். நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்தால் கத்தி நன்றாக இருக்கிறது. நுனி நார்நாராகக் கிழிந்து வெண்மையாகியிருந்தால் கத்தி மழுங்கிவிட்டது. அப்படிக் கிழிந்த நுனிகள்தான் தூரத்திலிருந்து பார்க்கும்போது புல்தரை முழுவதும் சாம்பல் பூத்ததாகக் காட்டுகின்றன. ஏறத்தாழ 20 மணிநேர வேலைக்கு ஒருமுறை கத்தியைத் தீட்டுங்கள். சாதாரண வீட்டுக்கு வசந்தத்தில் ஒன்று, கோடையின் நடுவில் ஒன்று போதும்.

வெட்டுப்பட்ட புல்லை வாரிக் கொட்ட வேண்டாம். அப்படியே கிடக்கட்டும். சில நாளில் மக்கி, வருடத்துக்குத் தேவையான நைதரசனில் ஏறக்குறைய கால்பங்கை அதுவே திருப்பித் தரும். ரொறன்ரோவில் வெட்டிய புல்லை நகரசபை எடுப்பதும் இல்லை. ஈரப் புல்லை வெட்டினால்தான் கட்டிகட்டியாக விழுந்து கீழுள்ள புல்லை மூச்சடைக்க வைக்கும். காலைப் பனி காய்ந்த பின் வெட்டுங்கள்.

ஏப்ரல், மே: அவசரப்படாதீர்கள்

பனி உருகியதும் புல்தரையில் இறங்கி நடக்க வேண்டாம். ஈரக் களிமண்ணை மிதித்தால் அது இன்னும் இறுகும். கால் வைத்த இடத்தில் நீர் ஊறி மேலே வராத நாள்வரை பொறுத்திருங்கள். பெரும்பாலும் ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகே அது வரும்.

அப்போது முதன்முறை பார்ப்பவர்களைப் பயமுறுத்தும் சில அடையாளங்கள் தெரியும். வட்டவட்டமாக வைக்கோல் நிறத்தில், சிலந்தி வலை போன்ற பூஞ்சணத்தோடு புல் படுத்துக் கிடந்தால் அது பனிப் பூஞ்சை. விசிறி ரேக்கால் மெல்லக் கிளறி நிமிர்த்தி காற்றுப்பட விட்டால் போதும், மருந்து தேவையில்லை. வளைந்து வளைந்து பாதை வெட்டியதுபோல் கோடுகள் இருந்தால், பனிக்கடியில் வயல் எலிகள் புல்லைத் தின்ற தடம். வேர் தப்பியிருக்கும், மே முடிவதற்குள் மூடிவிடும். டிரைவ்வே ஓரம் மட்டும் பழுப்பாகச் செத்திருந்தால் அது உப்பு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஏப்ரலில் பசளை போட வேண்டாம். வேர்களில் சேமித்த சக்தியிலேயே வசந்தத்தில் புல் மளமளவென்று எழும். அதன்மேல் நைதரசனும் கொட்டினால் முழுவதும் இலைக்கே போகும். நீங்கள் வாரத்தில் இரண்டு தடவை வெட்ட நேரும், வேர் ஆழம் போகாமலே கோடை வந்துவிடும். முதல் பசளை மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில்.

பசளைப் பையில் மூன்று எண்கள் இருக்கும்: நைதரசன், பொஸ்பரஸ், பொட்டாசியம் என்ற வரிசையில் நூற்றுவீதம். ஒரு தடவைக்கு 100 சதுர மீற்றருக்கு அரைக் கிலோ நைதரசன் என்பது பாதுகாப்பான அளவு. பையில் 25-0-10 என்று இருந்தால் 2 கிலோ பசளையில் அரைக் கிலோ நைதரசன் இருக்கிறது. ஆக 150 சதுர மீற்றருக்கு 3 கிலோ. இதை இரண்டாகப் பிரித்து, ஸ்பிரெடரின் (பசளை தூவும் கருவி) வாயைப் பாதி திறப்பில் வைத்து, ஒன்றரைக் கிலோவை வடக்கு தெற்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் தூவுங்கள். ஒரே திசையில் தூவினால் கரும்பச்சை, வெளிர்பச்சை வரிகள் மாதக்கணக்கில் தெரியும். ஸ்பிரெடரை நிரப்புவது டிரைவ்வேயில் வைத்து. புல்லின்மேல் கைதவறிக் கொட்டினால் அந்த இடம் எரிந்துபோகும். டிரைவ்வேயில் சிந்தியதைத் தண்ணீர் அடித்துத் தள்ளாமல் கூட்டி அள்ளுங்கள். தெருவோர வடிகாலில் போவது ஆற்றுக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும்தான் போகிறது. நிலைபெற்ற புல்லுக்கு நடு எண் பூச்சியமாக இருப்பதே நல்லது.

மே மாதத்தின் மஞ்சள் பூ டண்டெலியன். மழை பெய்த மறுநாள், நீண்ட களைக்கரண்டியை வேரோடு ஒட்டி இறக்கி, நெம்பி இழுங்கள். முள்ளங்கிபோல் நீளமான வேர். பாதி முறிந்து உள்ளே நின்றால் அதிலிருந்து திரும்ப முளைக்கும். பூ பஞ்சாவதற்கு முன் எடுக்க முடியாவிட்டால், பூவையாவது கிள்ளிவிடுங்கள்.

கிராப் கிராஸ் என்ற, ஒருவருடமே வாழும் புல்வகைக் களை வேறு விதம். தெருவில் ஃபோர்சிதியாச் செடிகள் இலை விடுமுன்பே மஞ்சளாகப் பூக்கும் நாட்களில் அதன் விதை முளைக்கும் காலம் நெருங்கும். அப்போது 100 சதுர மீற்றருக்கு 10 கிலோ அளவில் கோர்ன் குளூட்டன் மீல் தூவினால் முளைத்த விதை வேர்விடாது. பலன் முதல் வருடம் பாதிதான், ஆண்டுக்கு ஆண்டு கூடும். ஒன்று நினைவிருக்கட்டும்: அது களை விதை, புல் விதை என்று பேதம் பார்க்காது. அதைத் தூவிய இடத்தில் ஆறு வாரத்துக்குப் புல் விதைக்க முடியாது. கீரையும் போஞ்சியும் விதைக்கும் பாத்திக்கருகிலும் தூவ வேண்டாம்.

களைநாசினி: சட்டம் என்ன சொல்கிறது

ஒன்ராறியோவில் வீட்டுப் புல்தரைக்கு அழகுக்காகப் பூச்சிகொல்லி, களைநாசினி அடிப்பது 2009 ஏப்ரல் 22 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 2,4-டி கலந்த களைநாசினிகள் அதில் அடக்கம். எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோ நகரக் கடைகளில் அவை கிடைக்கின்றன என்பதால் வாங்கிவந்து அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது சட்டமீறல். பிள்ளைகள் விளையாடும் புல் அது, பக்கத்து வீட்டுக் கிணறும் ஓடையும் அதோடு சேர்ந்த நிலம்.

அனுமதிக்கப்பட்டது இரும்புச்சத்து களைநாசினி. ஃபியஸ்டா என்ற பெயரில் வருகிறது. அகல இலைக் களைகளை மட்டும் கருக்கும், புல்லை விட்டுவிடும். சில மணிநேரத்திலேயே களை கறுக்கத் தொடங்கும். டண்டெலியன் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதால் மூன்று நான்கு வாரத்தில் இன்னொரு தடவை அடிக்க வேண்டும். கொங்கிரீட்டில் பட்டால் துருக்கறை விழும். ஓரத்தில் தெறித்ததை உடனே கழுவுங்கள். செறிவான வினிகர் புல்லையும் சேர்த்துக் கொல்லும். நடைபாதைக் கல் இடுக்குகளுக்கு மட்டும் அதை வையுங்கள்.

ஜூன் முதல் ஓகஸ்ட் வரை: தண்ணீர்

மழையும் நீங்கள் விடுவதும் சேர்த்து வாரத்துக்கு 2.5 செ.மீ. நீர் போதும். தெளிப்பான் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம். வெற்று டூனா மீன் டின்கள் நான்கை வெவ்வேறு இடத்தில் வைத்து, 20 நிமிடம் ஓடவிட்டு, நீர் எத்தனை செ.மீ. நிற்கிறது என்று அளங்கள். 150 சதுர மீற்றருக்கு 2.5 செ.மீ. என்றால் 3,750 லீற்றர். தண்ணீர் பில்லில் அது தெரியும், ஆகவே வீணாக்கக்கூடாது.

அதிகாலை 5 முதல் 9 மணிக்குள் விடுங்கள். இரவில் விட்டால் இலை நெடுநேரம் ஈரமாக நின்று பூஞ்சை பிடிக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது வேரை மேலேயே தங்கவைக்கும். வாரத்தில் ஒருமுறை அல்லது இருமுறை ஆழமாக விடுவதே சரி. களிமண்ணில் 15 நிமிடத்தில் நீர் வழிந்தோடத் தொடங்கினால் நிறுத்தி, அரைமணி கழித்து மறுபடி விடுங்கள். கோடைகாலத் தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ள நகரசபைகளில் வீட்டு இலக்கத்துக்கு ஏற்ப நாள் ஒதுக்கப்பட்டிருக்கலாம். உங்கள் நகரசபையின் விதியைப் பாருங்கள்.

இன்னொரு வழி, தண்ணீரே விடாமல் இருப்பது. புளூகிராஸ் ஜூலையில் பழுப்பாகிவிட்டால் அது பெரும்பாலும் சாகவில்லை, உறங்குகிறது. நான்கு முதல் ஆறு வாரம் இப்படித் தாங்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 1 செ.மீ. நீர் விட்டால் அடிக்குருத்து உயிரோடு இருக்கும், செப்டெம்பர் மழையோடு பச்சை திரும்பும். இரண்டில் எதையும் செய்யலாம். ஒரு வாரம் விட்டு, மறந்து, உறங்கியதை மறுபடி எழுப்பி, மறுபடி காயவிடுவதுதான் கேடு. ஒவ்வொரு முறை எழும்போதும் வேரின் சேமிப்பு கரைகிறது. உறங்கும் புல்லில் பசளை போடவோ, மெஷின் ஓட்டவோ, பிள்ளைகளைப் பந்தடிக்க விடவோ வேண்டாம்.

வெயில் விழும் பகுதி மட்டும் திட்டுத்திட்டாக மஞ்சளாகி, தண்ணீர் விட்டும் தேறாவிட்டால் சின்ச் பூச்சியாக இருக்கலாம். இரு பக்கமும் திறந்த ஒரு பெரிய டின்னை மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் ஓரத்தில் 5 செ.மீ. ஆழம் அழுத்தி, நீர் நிரப்பி, பத்து நிமிடம் நிரம்பியபடி வைத்திருங்கள். கறுப்பு உடலில் வெள்ளைச் சிறகு மடிந்த சிறு பூச்சிகள் மிதந்து வரும். அவை காய்ந்த, செத்த புல் அடியில் தடித்த படையாகச் சேர்ந்த புல்தரையை விரும்புபவை. ஆழமாக நீர் விடுவதும் இலையுதிர்காலத்தில் துளையிடுவதும் அவற்றைக் குறைக்கும்.

வேர்ப்புழு

ஒருநாள் காலை எழுந்து பார்க்கையில் புல்தரை பாயாகச் சுருட்டிப் புரட்டப்பட்டிருந்தால், அது ரக்கூன் அல்லது ஸ்கங்க் செய்த வேலை. அவை தேடி வந்தது மண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப் புழுக்களை. ஐரோப்பிய சேஃபர், ஜப்பானிய வண்டு, ஜூன் வண்டு ஆகியவற்றின் குஞ்சுப்புழுக்கள் அவை. ஆங்கில 'சி' எழுத்துப்போல் வளைந்து, பழுப்புத் தலையோடு இருக்கும்.

சந்தேகம் வந்தால் ஓகஸ்ட் கடைசியில் சோதியுங்கள். 30 செ.மீ. சதுரத்தின் மூன்று பக்கத்தை மண்வெட்டியால் வெட்டி, கதவு திறப்பதுபோல் புல்லைப் புரட்டி, 7 செ.மீ. ஆழம் வரை கிளறி எண்ணுங்கள். ஐந்துக்குள் இருந்தால் நலமான புல் தாங்கும், பேசாமல் மூடி நீர் விடுங்கள். பத்துக்கு மேல் என்றால் மருத்துவம் வேண்டும். இரண்டு மூன்று இடத்தில் பார்ப்பது அவசியம், புழு எங்கும் ஒரே அளவில் இருக்காது.

மருத்துவம் என்பது நெமற்றோட் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்கள். கடைகளில் குளிர்பெட்டியில் இருக்கும். முட்டை பொரிந்து புழு சிறிதாக இருக்கும் ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் முதற்பாதிதான் காலம். மே மாதத்தில் புழு பெருத்திருப்பதால் பலன் குறைவு, பல வீடுகளில் காசு வீணாவது அப்போதுதான். செய்முறை:

1. பையின் காலாவதித் திகதியைப் பார்த்து வாங்கி, அடிக்கும்வரை குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஃபிரீசரில் அல்ல.
2. முன்னதாகப் புல்தரையை நன்கு நனையுங்கள்.
3. மாலையில், வெயில் இறங்கியபின் அடியுங்கள். வெயில் பட்டால் நிமிடங்களில் செத்துவிடும். மண்ணின் வெப்பம் 15 பாகைக்குமேல் இருக்க வேண்டும்.
4. தெளிகருவியின் சல்லடையைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். கலவையை இடையிடையே குலுக்குங்கள், அவை அடியில் படியும்.
5. அடித்து முடிந்ததும் மறுபடி நீர் விட்டு மண்ணுக்குள் இறக்குங்கள். அடுத்த இரண்டு வாரம் மண் காயக்கூடாது.

ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் வரை: வருடத்தின் பெரிய வேலை

இரவு குளிர்கிறது, மண் இன்னும் சூடாக இருக்கிறது, களைகளின் முளைப்பு அடங்கிவிட்டது. விதை விரைவாக முளைக்கும், முளைத்த நாற்றுக்குக் கோடை வருவதற்குமுன் இரண்டு குளிர்ந்த பருவங்கள் கிடைக்கும். மே மாதத்தில் விதைத்தது ஆறு வாரத்தில் ஜூலை வெயிலில் நிற்கும். இந்த வேறுபாடு ஒன்றே போதும். விதைக்கும் வேலையைச் செப்டெம்பர் மூன்றாம் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், புளூகிராஸ் முளைக்கவே ஒரு மாதம் பிடிக்கலாம்.

முதலாவது, 5 செ.மீ. வரை வெட்டிக் குறையுங்கள். பனிக்கு முந்திய கடைசி வெட்டைத் தவிர, வருடத்தில் இந்தளவு தாழ வெட்டுவது இப்போது மட்டும்தான், விதை மண்ணைத் தொட வேண்டுமென்பதற்காக. இந்த வெட்டில் விழுந்த புல்லை மட்டும் வாரி எடுங்கள்.

இரண்டாவது, துளையிடல். வாடகைக் கடையில் நான்கு மணிநேரத்துக்குத் துளையிடும் மெஷின் கிடைக்கும். பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டால் செலவு பாதி. மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கிப் போடும் வகைதான் வேண்டும். ஆணி மட்டும் குத்தும் செருப்புகளும் உருளைகளும் களிமண்ணை இன்னும் நெருக்கவே செய்யும். முதல்நாள் நீர் விட்டு மண்ணை ஈரமாக்குங்கள். காய்ந்த மண்ணில் பல் இறங்காது, சேற்றில் அடைத்துக்கொள்ளும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை ஓட்டுங்கள். பிடுங்கிய மண் உருளைகள் 5 முதல் 8 செ.மீ. நீளம் இருந்தால் வேலை சரி. அவற்றை அள்ள வேண்டாம், இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். தொடங்குமுன் தெளிப்பான் தலைகளுக்கும், இன்டர்நெட் கேபிள் போகும் தடத்துக்கும் சிறு கொடி நட்டு அடையாளம் வையுங்கள். அந்தக் கேபிள்கள் பல வீடுகளில் புல்லுக்குச் சற்றுக் கீழேயே கிடக்கும். மெஷின் பாரமானது. ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும்.

மூன்றாவது, மக்கிய எரு. அரைச் செ.மீ. கனத்தில் தூவி, ரேக்கின் முதுகால் துளைகளுக்குள் தள்ளுங்கள். 150 சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கியூபிக் யார்ட். அதாவது முக்கால் கன மீற்றர். புல்லின் நுனிகள் மேலே தெரிய வேண்டும். மூடிவிட்டால் மூச்சடைக்கும். களிமண்ணைத் தளர்த்த மணல் கொட்டும் யோசனையை ஏற்காதீர்கள், கொஞ்ச மணலும் களியும் சேர்ந்தால் கல்லாக இறுகும்.

நான்காவது, விதை. இருக்கும் புல்லின்மேல் தூவ 100 சதுர மீற்றருக்கு ஒன்றரை முதல் 2 கிலோ. 150க்கு இரண்டேகால் முதல் 3 கிலோ. வெயிலிடத்துக்கு புளூகிராஸ் மிகுதியாகவும் பெரெனியல் ரைகிராஸ் கால்பங்கு அளவிலும் உள்ள கலவை. மேப்பிள் நிழலுக்கு ஃபைன் பெஸ்கியூ மிகுதியான கலவை. பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: ஒருவருட ரைகிராஸ் பெரும்பங்கு இருந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள், பனியோடு செத்துப்போகும். பசளையைப்போலவே இரு திசையிலும் தூவி, ரேக்கால் மெல்லத் தடவி, மேலே நடந்து மிதித்துவிடுங்கள். மண்ணைத் தொடாத விதை பறவைக்குத்தான். புதிதாக விதைக்கும் வெறும் மண்ணுக்கு மட்டும் நடு எண் உள்ள தொடக்கப் பசளை பயன்படும்.

ஐந்தாவது, நீர். பலர் தோற்பது இங்கே. முளைக்கும்வரை தினமும் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஐந்து பத்து நிமிடம், மேல்மண் காயாதபடி. ஊறிய விதை ஒருநாள் காய்ந்தால் போய்விட்டது. ஏழாம் நாள் பச்சை தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள். அது ரைகிராஸ் மட்டுமே, புளூகிராஸ் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. முழுமையாக மூன்று நான்கு வாரம் ஈரத்தைக் காத்து, பிறகு தடவைகளைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுங்கள். இந்த ஈரம் நெமற்றோட்டுக்கும் வேண்டியதே, ஆகவே இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால் ஒரே தண்ணீர் போதும். நாற்று 9 செ.மீ. எழுந்ததும் கூரான கத்தியால் முதல் வெட்டு. அடுத்த வருடம் வரை புது நாற்றின்மேல் களைநாசினி எதுவும் வேண்டாம்.

விதைக்காத பகுதிகளுக்குச் செப்டெம்பர் தொடக்கத்தில் முன்சொன்ன அளவில் பசளை. கடைசிப் பசளை ஒக்டோபர் பிற்பகுதியில், புல் உயரம் வளர்வதை நிறுத்தியிருக்கும், பச்சை இன்னும் இருக்கும் நாட்களில். அப்போது எடுத்த சத்து வேரில் தங்கி அடுத்த வசந்தத்தில் எழும். வருடத்தில் ஒரு தடவைதான் பசளை போட வசதி என்றால் செப்டெம்பர்ப் பசளையைப் போடுங்கள். உறைந்த மண்ணில் போட்டால் பனி உருகும்போது அப்படியே அடித்துக்கொண்டு போகும்.

இலை, குழாய், உப்பு

விழுந்த மேப்பிள் இலைகள் மெல்லிய படையாக இருந்தால் மெஷினை மேலே இரண்டு தடவை ஓட்டிப் பொடியாக்குங்கள், மண்ணுக்கு நல்லது. புல் தெரியாதபடி மூடியிருந்தால் வாரி காகிதப் பைகளில் போட்டுத் தெருவோரம் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் எடுக்கமாட்டார்கள். ஈர இலைக்கடியில் பனிக்காலத்தைக் கழித்த புல் வசந்தத்தில் அழுகியிருக்கும். கடைசி வெட்டு 5 முதல் 6 செ.மீ. உயரத்தில். நீண்ட புல் பனியின் பாரத்தில் மடிந்து பூஞ்சைக்கு வீடாகும்.

நவம்பர் உறைபனிக்குமுன் ஹோஸ் பைப்பைக் கழற்றி, வெளிக்குழாய்க்குப் போகும் வால்வை பேஸ்மென்டில் மூடி, வெளிக்குழாயைத் திறந்தே விட்டு மீதி நீரை வடியவிடுங்கள். மாட்டியபடி விட்ட ஹோஸில் நின்ற நீர் உறைந்து, சுவருக்குள் குழாய் வெடித்து, வசந்தத்தில் திறக்கும்போதுதான் பேஸ்மென்ட் நனைவது தெரியவரும். பெற்றோல் மெஷினில் எரிபொருள் நிலைப்படுத்தி கலந்து சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பற்றரியை வீட்டுக்குள் வையுங்கள், உறையும் கராஜில் அதன் ஆயுள் குறையும்.

பனிக்காலத்தில் டிரைவ்வேயில் உப்பைக் கைப்பிடியளவாக, வழுக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள். பனியை முதலில் வழித்துவிட்டுப் போட்டால் உப்பு பாதிதான் தேவைப்படும். மணல் கலந்தால் இன்னும் குறையும். உப்புக் கலந்த பனியை ஒவ்வொரு முறையும் புல்லின் ஒரே மூலையில் குவிக்க வேண்டாம். ஏப்ரலில் மண் இளகியதும் பாதித்த ஓரங்களுக்கு 100 சதுர மீற்றருக்கு 20 கிலோ அளவில் ஜிப்சம் தூவி, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஆழமாக நீர் விட்டு உப்பைக் கீழே கழுவுங்கள். நகரசபை வண்டிகள் உப்புத் தூவும் தெருவோரப் பட்டையில் புளூகிராஸ் வருடாவருடம் கருகுமானால், அந்த இடத்துக்கு மட்டும் செப்டெம்பரில் டோல் பெஸ்கியூவும் பெரெனியல் ரைகிராஸும் கலந்து விதையுங்கள். இரண்டும் உப்பை அதைவிட நன்றாகத் தாங்கும்.